டெல்டா ஈரத்தில் சடைமுடி: வளர்க்கவும் தலைத்தோலைக் காக்கவும் முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், திருவிடைமருதூர், மாயவரம் பக்கம் சடைமுடியோடு ஒருவர் நடந்து போனால் யாரும் நின்று பார்ப்பதில்லை. சிவனடியார்கள், சித்தர் வழியில் போகிறவர்கள், அம்மனுக்கு வேண்டிக்கொண்டு முடியை விட்டிருக்கும் பெண்கள் என்று நமக்குப் பழகிய தலைகள்தான். இப்போது அவர்களோடு கல்லூரி முடித்த பையன்களும் பறை அடிக்கிற தம்பிகளும் சேர்ந்திருக்கிறார்கள். ஜமைக்காவில் 1930களில் தோன்றிய ரஸ்தஃபாரி மார்க்கத்தாரின் சடையைப் படங்களில் பார்த்து ஆசைப்பட்டு வளர்ப்பவர்களும் உண்டு. எந்தக் காரணத்துக்காக வளர்த்தாலும் அதற்கு அடியில் இருக்கும் தலைத்தோல் படும் பாடு எல்லோருக்கும் ஒன்றுதான்.

சடை வைத்திருப்பவர்களுக்கு ஊரில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, "அதுல தண்ணி படக் கூடாது." இன்னொன்று, "எண்ணெய நல்லா ஊத்தி ஊற விடு தம்பி." இரண்டும் அன்போடு சொல்லப்படுபவை, இரண்டுமே நம் ஊருக்குப் பொருந்தாதவை. ஆறு, வாய்க்கால், வயல், கடல் என்று நாலு பக்கமும் ஈரம் சூழ்ந்த இடத்தில் நாம் இருக்கிறோம். இங்கே சடையைக் கெடுப்பது அழுக்கைவிட ஈரம்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் கழுவுவதற்குக் கொடுக்கும் இடத்தைவிட உலர்த்துவதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

சடைக்குள் என்ன நடக்கிறது

நம் தலையில் சுமார் 1,00,000 முடி இருக்கிறது. அதில் நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. சீப்பு போடுகிறவர்களுக்கு அது சீப்போடு வந்துவிடும். சீப்பு படாத தலையில் உதிர்ந்த முடி பக்கத்து முடியைச் சுற்றிக்கொண்டு அங்கேயே தங்குகிறது. அப்படித் தங்கித் தங்கி இறுகியதுதான் ஒவ்வொரு புரியும். சடை கனமாக இருப்பதற்கும் காரணம் இதுவே. உயிருள்ள முடியோடு பல வருஷத்து உதிர்ந்த முடியையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள்.

முடி உயிரற்ற பொருள். அதற்கு உணவு தேவையில்லை, வைட்டமின் தேவையில்லை. தலைத்தோல்தான் உயிருள்ளது. அது எண்ணெய் சுரக்கிறது, வியர்க்கிறது, செத்த செதிலை உதிர்க்கிறது. எல்லோர் தலையிலும் இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சை அந்த எண்ணெயைத் தின்று வாழ்கிறது. அளவோடு இருந்தால் அதனால் தொந்தரவு இல்லை. எண்ணெயும் வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் பெருகிவிடும். பொடுகுக்கும் அரிப்புக்கும் பெரும்பாலும் இதில்தான் தொடக்கம்.

ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் போரைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பொன்னிறமாகக் காய்ந்திருக்கும், கையை உள்ளே விட்டால் சூடும் புழுக்க நாற்றமும் வரும். தடித்த சடையும் அப்படித்தான். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலவே இருக்கும், நடுவில் நேற்றைய தண்ணீர் நிற்கும். அதில் பூசணம் பிடித்துவிட்டால் அந்தப் புளித்த வாடையை எந்த ஷாம்பும் முழுசாக எடுக்காது.

தொடங்குவதற்கு முன்

சடை போடும் முன் தலையை நல்ல வெளிச்சத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பொடுகு, புண், பேன், வட்ட வட்டமாக முடி உதிர்ந்த இடம், வெள்ளி நிறத்தில் தடித்த செதில் எதுவாக இருந்தாலும் முதலில் அதைக் குணப்படுத்துங்கள். சடை விழுந்த பிறகு மருந்தைத் தோலில் சேர்ப்பது பெரும்பாடு. நெற்றிப் பொட்டுகளில் ஏற்கனவே முடி மெலிந்திருப்பவர்கள் சடையின் கனத்தைத் தலைமேல் ஏற்றுவதற்கு முன் தோல் மருத்துவரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

குழந்தைகளுக்குச் சடை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ சமயபுரத்துக்கோ முடியிறக்க வேண்டிக்கொண்டு, அதுவரை சீப்பே போடாமல் விடும் வீடுகள் உண்டு. முடியை வெட்டாமல் விடுங்கள், தவறில்லை. ஆனால் தினமும் சிக்கெடுத்துப் பின்னிவிடுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பேன் வந்தே தீரும், சடைக்குள் அதைத் தேடி எடுக்க முடியாது.

சடை போடுவது

நம் ஊர் முடி பெரும்பாலும் நேராகவோ லேசான அலையாகவோ இருக்கும். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் சுருள்முடி தானாகவே சீக்கிரம் புரியாகத் திரண்டுகொள்ளும். நம் முடி புரியாகி இறுக ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் மெழுகும் பசையும் தேடிப் போகிறார்கள்.

ஒரு வழி, சீப்பை நிறுத்திவிட்டு முடியைத் தன்போக்கில் விடுவது. கழுவிக் காய வைப்பது மட்டும்தான் வேலை. புரிகள் ஒழுங்கில்லாத தடிமனில் வரும், பின்தலையில் இரண்டு மூன்று சேர்ந்து பெரிய கட்டையாகப் பார்க்கும். வாரம் ஒருமுறை குளித்த பிறகு, முடி சற்றே ஈரமாக இருக்கும்போது, வேரிலிருந்து விரலால் பிரித்துவிட வேண்டும்.

இன்னொரு வழி, தலையை 2 முதல் 3 செ.மீ. அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் நுனியிலிருந்து வேர் நோக்கிப் பல் நெருக்கமான சீப்பால் பின்னோக்கிக் கோதிச் சிக்காக்குவது. அல்லது முடியைப் பாதியாகப் பிரித்து இரண்டு பக்கமும் இழுத்து முறுக்கிச் சிக்காக்கலாம். கட்டம் சிறிதாகப் போனால் வேருக்குத் தாங்கும் பலம் இருக்காது. பெரிதாகப் போனால் புரி தடித்து உள்ளே காயாது. நம் ஈரத்துக்குச் சுண்டுவிரல் தடிமன் போதும். முடிந்தபோது கட்டைவிரல் தடிமனுக்கு மேல் இருக்கவே கூடாது.

தேன்மெழுகு, ஹேர் வாக்ஸ், ஜெல், கோந்து எதுவும் வேண்டாம். மெழுகு தண்ணீரில் கரையாது. கோடையில் உருகி உள்ளே இறங்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தையும் வெளியே விடாது. ரப்பர் பேண்டும் அப்படித்தான். சில வாரங்களில் முடியோடு ஒட்டி இற்றுப்போய், எடுக்கும்போது முடியையும் அறுத்துக்கொண்டு வரும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பருத்தி நூல் போதும், அதையும் இரண்டு மூன்று வாரத்தில் எடுத்துவிடுங்கள்.

போட்ட அன்று வேர் வலித்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் புரியை வேர்ப்பக்கம் தளர்த்துங்கள்.

கழுவுவது

புதுச் சடையை மாதக்கணக்கில் கழுவக் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு வாரம் விடுங்கள், அப்புறம் மென்மையாகக் கழுவ ஆரம்பியுங்கள். எண்ணெய்ப்பசை போன முடிதான் ஒன்றோடொன்று பற்றும். வழுக்குகிற முடி புரியாகத் திரளவே திரளாது. ஆக, கழுவினால் சடை சீக்கிரம் இறுகும்.

சாதாரணமாக வாரம் ஒருமுறை போதும். வயல் வேலை, சமையல் வேலை, தலை அதிகம் எண்ணெய் சுரப்பது போன்ற காரணம் இருந்தால் இரண்டு முறை. அதற்கு மேல் போனால் முழுசாகக் காய நேரம் கிடைக்காது.

என்ன போட்டுக் கழுவுவது? கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் ஷாம்பு நல்லது. பால் போலவோ முத்துப் போலவோ மினுங்குகிறவற்றில் பெரும்பாலும் முடியை வழவழப்பாக்கும் பொருள் சேர்ந்திருக்கும், அது புரிக்குள் படிந்துகொள்ளும். கண்டிஷனர் சேர்ந்த ஷாம்பும் வேண்டாம். குளிக்கிற சோப்புக் கட்டி வேண்டவே வேண்டாம். நம் போர்த் தண்ணீர் பல ஊர்களில் கடினமானது, அதில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் திரியும். அந்தப் பிசுக்கு சடைக்குள் போனால் வெளியே வராது.

சீயக்காயும் அரப்பும் போடலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். போடலாம், ஆனால் தூளாக ஒருபோதும் வேண்டாம். குழைத்துத் தேய்த்த தூள் புரிக்குள் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும், ஈரம் பட்டால் புளிக்கும். சீயக்காயை உடைத்து இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டிய தெளிவான தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பூந்திக்கொட்டையும் இப்படியே. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரிச்சல் தாங்காது. வெந்தய விழுது, செம்பருத்தி விழுது, மருதாணி, தயிர், முட்டை, கற்றாழைச் சோறு இவை சீப்பு போடுகிற தலைக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சடைக்கு ஆகாது. உள்ளே அழுகும்.

இனி முறை:

1. காலை 8 மணிக்குள் குளியலை முடிப்பதாகத் திட்டமிடுங்கள். மழை மேகம் கட்டியிருக்கிற நாளில் தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப் போடுங்கள்.

2. ஒரு பங்கு ஷாம்புக்கு நாலைந்து பங்கு தண்ணீர் கலந்து, கூர்மூக்குள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். ஓட்டலில் சாஸ் வைக்கிற பாட்டில் பொருத்தமாக இருக்கும்.

3. தலையை நன்றாக நனையுங்கள். சடை முதலில் தண்ணீரைத் தள்ளும், வழியவிடும். கையால் பிழிந்து பிழிந்து உள்ளே ஏற்ற வேண்டும்.

4. பாட்டில் மூக்கைப் புரிகளுக்கு நடுவில் தோலில் வைத்து வரிசை வரிசையாக ஊற்றி, விரல் நுனிச் சதையால் தேய்த்துவிடுங்கள். நகம் பட வேண்டாம். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் சற்று நின்று தேயுங்கள், அழுக்கு தங்குகிற இடம் அதுதான். சடையைத் தனியாகத் தேய்க்க வேண்டியதில்லை, தலையிலிருந்து இறங்கும் நுரையை மேலிருந்து கீழாகப் பிழிந்துவிட்டால் போதும்.

5. அலசுங்கள். போட்ட நேரத்தைப் போல மூன்று மடங்கு நேரம் அலசுங்கள். சடைத்தலை அரிப்பில் ஒரு பகுதி, சரியாக அலசாத ஷாம்பால் வருவது. ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் புரிகளைப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் தெளிவாக, நுரையில்லாமல் வரும் வரை விடாதீர்கள்.

6. நாகப்பட்டினம், வேதாரண்யம் போல உப்புத் தண்ணீர் ஏறும் இடங்களில் கடைசி இரண்டு குடத்தையாவது நல்ல தண்ணீரில் ஊற்றுங்கள். குழாயில் கொள்ளிடத்துத் தண்ணீர் வருகிற ஊராக இருந்தால் அது போதும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

சமையல் சோடா கரைத்து ஊறவைத்தால் பல வருஷ அழுக்கு இறங்கும் என்று பலரும் செய்கிறார்கள். இறங்குவது உண்மைதான். ஆனால் தலைத்தோல் லேசான புளிப்புத் தன்மையில் இருப்பது, சோடா அதற்கு நேர்மாறு. வருஷத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். அப்போதும் சடையை மட்டும் வாளியில் தொங்கவிட்டு ஊறவையுங்கள், தோலில் பட வேண்டாம். ஒரு வாளி வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி, அதையும் அலசிவிடுங்கள். வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள், தோல் வெந்துபோகும்.

உலர்த்துவது

இங்கே அவசரப்பட்டால் மேலே செய்த எல்லாம் வீண்.

முதலில் பிழிதல். ஒவ்வொரு புரியையும் வேரிலிருந்து நுனிவரை கைப்பிடிக்குள் வைத்துப் பிழிந்து இறக்குங்கள். துணி முறுக்குவது போல முறுக்கினால் வேர் வலிக்கும். அப்புறம் ஈரிழைத் துண்டு. கனத்த டர்க்கி டவலைவிட அது தண்ணீரை வேகமாகக் குடிக்கும், சீக்கிரம் காய்ந்து அடுத்த சுற்றுக்குத் தயாராகும், பஞ்சும் விடாது. ஒரு துண்டு போதாது, மூன்று வைத்துக்கொள்ளுங்கள். புரிகளை இரண்டிரண்டாகத் துண்டில் சுற்றி அழுத்துங்கள்.

பிறகு மொட்டை மாடி. காலை வெயிலில், காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புரிகளை விரித்துவிடுங்கள். சடையை முன்பக்கம் தள்ளிப் பிடரியைத் திறந்துவைத்தால் வேர்ப்பக்கம் முதலில் காயும். அதுதான் முக்கியம், நுனி தானாகக் காய்ந்துவிடும். வெயில் ஏறியதும் உள்ளே வந்து டேபிள் ஃபேன் முன் உட்காருங்கள். மேலே சுற்றுகிற ஃபேனால் பெரிய பயன் இல்லை, காற்று நேராக வேரில் அடிக்க வேண்டும். ஹேர் டிரையர் இருந்தால் சூடில்லாத காற்றில் வையுங்கள். சூடான காற்று வெளிப்புறத்தைச் சீக்கிரம் மொறமொறப்பாக்கி, உள்ளே காய்ந்துவிட்டது போல ஏமாற்றும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைவிரல் நம்பகமானதல்ல. இருப்பதிலேயே தடித்த புரியை எடுத்து, நடுப்பகுதியைக் கன்னத்தில் அழுத்தி 10 விநாடி வையுங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதே புரியை வளைத்து மூக்கருகே வையுங்கள். ஈரத்துணி வாடை அடித்தாலும் அதே பொருள்தான். விரல் தடிமனுள்ள சடை காயக் கோடையில் அரைநாள் ஆகும், ஐப்பசியில் ஒருநாள் முழுக்கப் போதாமல் போகலாம்.

காயும் வரை கொண்டை போடக் கூடாது, தலைப்பாகை கட்டக் கூடாது, ஹெல்மெட் மாட்டக் கூடாது, படுக்கக் கூடாது. வெளியே போக வேண்டிய நாளில் தலைக்கு ஊற்றாமல் இருப்பதே மேல்.

சாம்பிராணிப் புகை காட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய்க் குளியல் முடித்துத் தணலில் சாம்பிராணி போட்டுக் கூடையைக் கவிழ்த்து முடியை விரித்துக் காயவைப்பது நம் வீட்டு வழக்கம். வாசனைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சடையின் உள்ஈரத்தை அது எடுக்காது, காய்ந்த சடை தீப்பிடிக்கவும் கூடும். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கமே போக வேண்டாம்.

எண்ணெய்

சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலை விட மனசு வராதவர்களுக்கு: உடம்புக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள், தலைக்கு வேண்டாம். சடைக்குள் போன எண்ணெய் ஒரு சீயக்காயில் வராது. நாள்பட்டால் காறல் வாடை எடுக்கும், தூசியைப் பிடித்து வைக்கும்.

தோல் நிஜமாகவே வறண்டு இழுத்தால் மட்டும், தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ சில சொட்டு, பாட்டில் மூக்கால் தோலில் மட்டும், கழுவுவதற்கு அரைமணி நேரம் முன்பு. கழுவிய பிறகு வைக்காதீர்கள். பொடுகு இருக்கும்போது எண்ணெய் வைப்பது பலரும் செய்கிற காரியம். செதிலைப் பார்த்து வறட்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மலசீசியாவுக்கு அந்த எண்ணெயே தீனி. அன்று படிந்து காணாமல் போகும் செதில், நாலு நாளில் இன்னும் தடித்து வரும்.

வேரும் கட்டும்

முடி மாதத்துக்கு ஒரு செ.மீ. அளவில் வளரும். ஆகவே வேர்ப்பக்கம் எப்போதும் கொஞ்சம் புரியாகத் திரளாத முடி இருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறி வாரந்தோறும் குரோஷா ஊசியால் குத்தி உள்ளே இழுப்பவர்கள், இரண்டு வருஷத்தில் வேர் மெலிந்துபோய் நிற்கிறார்கள். ஊசி ஒவ்வொரு தடவையும் சில முடியை அறுக்கிறது. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேர் வேலை வேண்டாம். இடையில், முடி சற்றே ஈரமாக இருக்கும்போது புரியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினால் போதும். ஒரு புரி வேரில் நூலாக மெலிந்துவிட்டால் பக்கத்துப் புரியோடு சேர்த்துவிடுங்கள், இரண்டு வேரும் சேர்ந்து கனத்தைத் தாங்கும்.

கட்டுவதில் நிதானம் தேவை. எப்போதும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிய சடை நெற்றிப் பொட்டிலும் காதுக்கு மேலேயும் வேரை இழுக்கிறது. முதலில் வேரைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு குட்டை முடி, பிறகு வழுக்கை. தொடக்கத்தில் தளர்த்திவிட்டால் முடி திரும்ப வரும். தோல் தழும்பாகிவிட்டால் வராது. இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன், பொடுகுக்கு மருந்து இருக்கிறது, தழும்பான வேருக்கு இல்லை.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனால் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரை நின்று பாருங்கள். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, பாம்புகளால் கட்டியிருக்கும் அழகு வேறெங்கும் பார்க்க முடியாது. கனம் முழுவதும் தலையைச் சுற்றிப் பரவியிருக்கும் கட்டு அது. நீளச் சடை வைத்திருப்பவர்கள் பகலில் சிறிது நேரமாவது அப்படித் தலையைச் சுற்றித் தளர்வாகக் கட்டினால் உச்சியில் ஒரே இடத்தில் இழுக்காது. இரவில் அவிழ்த்துவிட்டுப் படுங்கள். ஹெல்மெட்டுக்குப் பிடரியில் தாழ்வாகக் கட்டுங்கள். உச்சிக் கொண்டையின் மேல் ஹெல்மெட் உட்காராது, விபத்தில் கழன்றுவிடும்.

தலையணை உரசலைக் குறைக்கப் பழைய திருபுவனம் பட்டுத் துணி இருந்தால் தலையணைமேல் விரித்துக்கொள்ளலாம். கத்திரி வெயில் காலத்தில் பட்டு புழுங்கும், அப்போது மெல்லிய பருத்தித் துணி.

பருவத்துக்கு ஏற்ப

சித்திரை, வைகாசியில் வியர்வைதான் தொந்தரவு. முழுசாகக் குளிக்க முடியாத நாளில் ஈரத்துணியை விரலில் சுற்றிப் புரிகளுக்கு நடுவில் தோலை மட்டும் துடைத்துவிடுங்கள், ஃபேன் காற்றில் காட்டுங்கள்.

மேட்டூர் திறந்து ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது, அப்புறம் ஆடிப்பெருக்கன்று, முங்கிக் குளிக்க ஆசை வரும். குளியுங்கள். ஆனால் புதுவெள்ளம் வண்டல் கலந்தது, அந்த மண் சடைக்குள் அப்படியே வடிகட்டி நின்றுவிடும். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசியாக வேண்டும். பாசி பிடித்த கோயில் குளத்தில் தலையை முக்க வேண்டாம், கால் நனைத்துத் தெளித்துக்கொள்ளுங்கள். பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் கடலில் குளித்தால் உப்பு புரியை இறுக்கும், புதுச் சடைக்கு நல்லதுதான். உப்பை அலசாமல் விட்டால் முடி முறியும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை மாதங்கள் கஷ்டமானவை. அப்போது தலைக்கு ஊற்றுவதைப் பத்து நாளைக்கு ஒருமுறையாகக் குறைத்து, இடையில் தோலை மட்டும் துடையுங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் தலைக்கு ஊற்றவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. ஃபேன் இல்லாமல், வெயில் இல்லாமல் ஈரச்சடையோடு இருப்பது பூசணத்தை அழைப்பது. எதிர்பாராமல் மழையில் நனைந்துவிட்டால் துண்டால் பிழிந்து பிழிந்து எடுத்துக்கொண்டே இருங்கள்.

மார்கழியில் விடியற்காலை குளித்துப் பஜனைக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் கழுத்துக்குக் கீழே குளித்துவிட்டுச் சடையைத் துணியால் மூடிக்கொண்டு போங்கள், பனியே போதுமான ஈரம். தை அறுவடையில் களத்தில் நிற்பவர்கள் முண்டாசு கட்டாமல் நிற்கக் கூடாது. நெல் சுணை சடைக்குள் ஏறினால் அன்றைய அரிப்போடு விடாது. மருந்து தெளிக்கும்போதும் தலையை முழுசாக மூடுங்கள். தெளித்த மருந்து சடையில் பட்டால் அன்றே கழுவிவிடுங்கள்.

திருநீறு, குங்குமம், சந்தனம் நெற்றியோடு நிற்கட்டும். முடிக் கோட்டில் குழைத்துப் பூசினால் அங்கே வேர்க்கண் அடைபடும். பூ வைத்தால் இரவில் நாரோடு எடுத்துவிடுங்கள், உதிர்ந்த இதழ் உள்ளே அழுகும்.

தலை சொல்லும் அறிகுறிகள்

பொடுகு: கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு மருந்துக்கடையில் கிடைக்கும். வாரம் இரண்டு முறை, தோலில் படும்படி போட்டு 5 நிமிஷம் விட்டு அலசுங்கள். இரண்டு முதல் நாலு வாரம். அந்த நாட்களில் காயவைக்கும் வேலை இரட்டிப்பாகும் என்பதால் மழைக்காலத்துக்கு முன்பே பொடுகைத் தீர்த்துவிடுவது புத்திசாலித்தனம். நாலு வாரத்தில் குறையவில்லை என்றால் அது பொடுகாக இல்லாமல் இருக்கலாம்.

வெள்ளி நிறத்தில் தடித்த செதில், முடிக் கோட்டைத் தாண்டி நெற்றியிலும் காதுக்குப் பின்னும் பரவினால் சொரியாசிஸாக இருக்கலாம். வட்டமாக முடி முறிந்து செதில் பிடித்தால் படர்தாமரை, அது தலையில் வந்தால் பூச்சு மருந்து போதாது, மாத்திரை வேண்டும். இரண்டுக்கும் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கடையில் கேட்டு வாங்கிய, ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படர்தாமரையில் போடாதீர்கள். அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும்.

வேரைச் சுற்றிச் சீழ்க்கட்டி, தொட்டால் வலி, பிடரியில் நெறி கட்டுதல், காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். புண்ணோடு ஈ மொய்த்தால் ஒருநாள்கூடத் தள்ளிப் போட வேண்டாம், புழு வைத்துவிடும்.

பேனுக்கு பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன், கழுவித் துவட்டிய தலையில் 10 நிமிஷம் வைத்து அலசி, 7 முதல் 10 நாளில் மறுபடியும். ஈர்வலி போட முடியாத சடையில் ஈர் மிஞ்சும் என்பதால், இரண்டாவது முறைக்குப் பிறகும் இருந்தால் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழைய வைத்தியம் உயிருக்கே ஆபத்து.

தானாக விழுந்த சடை

திடீரென்று ஒரே வாரத்தில் முடி முழுவதும் கட்டையாகத் திரண்டு, "அம்மன் வந்திருக்கா, கத்தி படக் கூடாது" என்று பயந்துபோய் வைத்திருக்கும் பெண்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். நீள முடியை உச்சியில் குவித்துக் கடுமையாகத் தேய்த்துக் கழுவினால் இப்படித் திரளலாம். நீண்ட நாள் படுக்கையில் கிடந்து எழுந்தவர்களுக்கும், மனச்சோர்வில் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் போனவர்களுக்கும் இப்படி ஆகும். தெரிந்த காரணங்கள் உள்ள ஒரு நிலை இது, வெட்டினால் எந்தத் தீங்கும் வராது.

பக்தியோடு அதைச் சுமப்பவரிடம் வாதாட வேண்டாம். "வெட்ட வேணாம்க்கா, கழுவிக் காயவச்சுப் பாப்போம்" என்று தொடங்குங்கள். தலைத்தோலைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கழுத்து வலி, புண், பேன் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மனசு சரியில்லை என்று தோன்றினால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு உடன் போங்கள். வெட்டுவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும். அவர் சம்மதித்தால் கோயிலில் முடியிறக்கும் நேர்த்தியாகவே அதைச் செய்துகொள்ளலாம், பயமும் அதோடு இறங்கும்.

எடுப்பது

சடையை எடுக்க மொட்டைதான் வழி என்றில்லை. இரண்டு மூன்று வருஷத்துச் சடையைப் பிரிக்கலாம். தாராளமாகக் கண்டிஷனர் பூசி ஊறவைத்து, வால் சீப்பின் கூர்முனையால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்து வர வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தாலும் சில நாள் ஆகும். கீழே விழும் முடிக் குவியலைப் பார்த்துப் பதற வேண்டாம், அத்தனையும் முன்பே உதிர்ந்து உள்ளே தங்கியிருந்தவை. அதற்கு நேரமில்லை என்றால் வேரிலிருந்து நாலைந்து செ.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை மட்டும் பிரிக்கலாம். மழிப்பதானால் நாவிதரிடம் புது பிளேடு போடச் சொல்லுங்கள்.

வெட்டிய சடையை ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள், மதகில் போய் அடைக்கும். குழி வெட்டிப் புதையுங்கள்.

மழித்த தலையில் கீறல் இருந்தால் சந்தனம் குழைத்துப் பூசுவதை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். அதோடு, வருஷக்கணக்கில் வெயில் படாத தோல் அது. முதல் ஒரு வாரம் துண்டு இல்லாமல் நடுப்பகலில் வெளியே இறங்காதீர்கள்.